மூன்று முறை ஏறிய ஹீமோகுளோபின்: ஒரு சிறுநீரகப் புற்றுநோய் நிகழ்வு ஆய்வு

நோயாளியின் ஒப்புதலோடு எழுதப்பட்டது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆண். கொங்குப் பகுதியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வையாளர். இளவயதிலிருந்தே பீடிப் பழக்கம். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். 2021-ல் வேலை செய்யும் இடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 18.4 கிராம் என்று வந்தது.

நம் ஊரில் ஹீமோகுளோபின் என்றாலே குறைவதுதான் கவலை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று ஏற்றுவதற்குத்தான் எல்லோரிடமும் வழி இருக்கிறது. அதனால் இந்த எண்ணைப் பார்த்து வீட்டில் யாரும் பதறவில்லை. பின்னாளில் எங்களிடம் வந்தபோதுகூட அவருடைய மனைவி கேட்டார்: “ஏனுங்க டாக்டர், ரத்தம் நெறைய இருக்கறது நல்லதுதானுங்களே?”

முதலில் பார்த்த இடத்தில் பீடிதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். தவறான ஊகம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். திசுக்களுக்கு ஆக்சிஜன் குறையும். உடம்பு அதை ஈடுகட்ட சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். ஆஸ்பிரின் கொடுத்து, எண்ணைக் குறைக்க இரண்டு முறை உடம்பிலிருந்து ரத்தம் எடுத்துவிட்டு, பீடியை நிறுத்தச் சொன்னார்கள். அவரும் நிறுத்திவிட்டார். எடுத்த உடனே எண் இறங்கும், சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். பீடியை விட்டு மாதங்கள் ஆன பிறகும் 19-ஐத் தொட்டபோதுதான் ரத்தவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள்.

முதல் ஏற்றம்: எங்கிருந்து வருகிறது இந்த உத்தரவு?

சிவப்பணு அதிகமாக இருந்தால் இரண்டு வழிகளில் யோசிக்க வேண்டும். ஒன்று, எலும்பு மஜ்ஜையே கட்டுப்பாடு இழந்து தன்னிஷ்டத்துக்கு உற்பத்தி செய்வது. அது பாலிசித்தீமியா வேரா. அந்த நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஜேஏகே2 மரபணுவில் மாற்றம் இருக்கும். மற்றொன்று, மஜ்ஜை சரியாகவே இருக்கும், ஆனால் வெளியிலிருந்து ‘இன்னும் செய்’ என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கும். எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன்தான் அந்த உத்தரவு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட விலை உயர்ந்த கருவி தேவையில்லை, ரத்தத்தில் எரித்ரோபாய்ட்டின் அளவைப் பார்த்தாலே போதும். மஜ்ஜையின் கோளாறு என்றால் அது அடிமட்டத்தில் கிடக்கும்.

இவருக்கு ஜேஏகே2 மாற்றம் இல்லை. மண்ணீரல் வீங்கவில்லை, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இயல்பு. எரித்ரோபாய்ட்டின் மேல்வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

உத்தரவு வெளியிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது. ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருந்தால் அது நியாயமான உத்தரவு: நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, மலையில் வசிப்பது. விரலில் மாட்டிப் பார்த்ததில் 97 சதவீதம் காட்டியது. நெஞ்சுப் படம் தெளிவு. குறட்டை இல்லை என்று மனைவியே சாட்சி சொன்னார். ஆக்சிஜன் குறையாமலே குறைந்துவிட்டதாக எங்கிருந்தோ தகவல் போகிறது என்றால் அடுத்ததாகத் தேட வேண்டிய இடம் வயிறு.

அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகத்தின் மேல்முனையில் சுமார் 8 சென்டிமீட்டர் கட்டி. சிறுநீரில் ரத்தம் இல்லை, இடுப்பு வலி இல்லை, கைக்கும் தட்டுப்படவில்லை. சிடி ஸ்கேனில் ரத்த ஓட்டம் மிகுந்த, சிறுநீரகத்திலேயே தோன்றிய புற்றுக்கட்டி என்பது ஏறக்குறைய உறுதியானது. நுரையீரலிலோ எலும்பிலோ எதுவும் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் அவர் எங்கள் புற்றுநோய் சிகிச்சைக் குழுவிடம் வந்தார்.

கட்டிக்கும் ரத்தத்துக்கும் உள்ள தொடர்பு

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் எடுத்த எல்லா முடிவுகளும் இந்த ஒரு பாதையைத் தொட்டுத்தான் போகின்றன.

நம் ஒவ்வொரு உயிரணுவிலும் ஹிஃப் என்ற புரதம் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கிறது, ஓயாமல் அழிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது பிஎச்டி என்ற நொதிகள் அந்த ஆக்சிஜனையே எடுத்து ஹிஃப் மேல் ஒரு குறி போடும். விஎச்எல் என்ற புரதம் அந்தக் குறியைக் கண்டுகொண்டு ஹிஃப்பை அழிவுக்கு அனுப்பும். ஆக்சிஜன் குறைந்தால் குறி போட முடியாது, ஹிஃப் தப்பித்துவிடும். தப்பித்த ஹிஃப் உயிரணுவின் கருவுக்குள் போய், ஆக்சிஜன் பஞ்சத்தைச் சமாளிக்கும் மரபணுக்களை வரிசையாக இயக்கும்: சிவப்பணுவுக்கு எரித்ரோபாய்ட்டின், புதிய ரத்தக் குழாய்க்கு விஇஜிஎஃப், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிப்பதற்கான நொதிகள்.

இந்தத் துறையே எரித்ரோபாய்ட்டினில்தான் தொடங்கியது. அந்த மரபணுவை இயக்குவது எது என்று தேடிப் போனபோதுதான் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெக் செமென்சா ஹிஃப்பைக் கண்டுபிடித்தார். ஆக்சிஜன் குறி போடும் விதத்தை 2001-ல் ஹார்வர்டில் வில்லியம் கேலின் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராட்கிளிஃப் குழுவும் ஒரே சமயத்தில் வெளியிட்டன. 2019-ல் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

சிறுநீரகப் புற்றில் மிகப் பெரும்பான்மையானது ‘தெளிவணு வகை’. அதில் மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கை உடைந்துபோவதுதான் வழக்கமான முதல் சம்பவம். விஎச்எல் மரபணு இருப்பது அங்கேதான். விஎச்எல் போய்விட்டால் ஹிஃப்பை அழிக்க ஆளில்லை. வீட்டு மேல்தொட்டியின் மிதவை பழுதாகிவிட்டால் தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பதைப்போல, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போதே கட்டியின் உயிரணுக்கள் பஞ்சத்துக்கான மரபணுக்களை ஓட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எல்லா சிறுநீரகப் புற்றாளிகளுக்கும் ரத்தம் ஏற வேண்டுமே? ஏறுவதில்லை. நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரைக்கும்தான் ஏறுகிறது, சோகைதான் அதைவிட வெகு சாதாரணம். கட்டி தூண்டும் அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடும், அதனால் இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடும், இரும்பு சேமிப்பிலேயே பூட்டப்பட்டுவிடும். உத்தரவு வந்தாலும் மஜ்ஜையிடம் சரக்கு இருக்காது. நம் நோயாளிக்கு அந்தப் பூட்டு விழவில்லை.

அறுவை, அதன்பின் கண்ணாடித் தகட்டில் கண்டது

ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்காமல் நேராக அறுவைக்குப் போனோம். இந்த அளவுள்ள, பரவாத கட்டிக்கு அது வழக்கமான நடைமுறை. ரத்தம் மிகுந்த கட்டியைக் குத்துவதால் புதிதாக எதுவும் தெரியப்போவதும் இல்லை. ரத்தம் கெட்டியாக இருப்பவருக்கு அறுவையின்போது கால் ரத்தக் குழாயில் உறைகட்டி உண்டாகும் அபாயம் கூடுதல் என்பதால் முன்கூட்டியே ஹெமடோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் குறைத்து, உறைவு தடுப்பு ஊசியும் கொடுத்தோம். 2022 தொடக்கத்தில் இடது சிறுநீரகம் முழுவதுமாக நீக்கப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 14.6. எரித்ரோபாய்ட்டின் இயல்பு. உத்தரவு எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பதில் அதற்குமேல் சந்தேகமில்லை. எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தில், அதன் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அளவில் நின்றது.

நோய்க்கூறியல் அறிக்கை: தெளிவணு வகை, மூன்றாம் தரம், சிறுநீரகத்தின் உட்கொழுப்பு வரை ஊடுருவியது. கார்போனிக் அன்ஹைட்ரேஸ்-9 என்ற புரதத்துக்கான சாயம் எல்லா அணுக்களின் விளிம்பிலும் ஒரே சீராகப் பிடித்திருந்தது. அது ஹிஃப் நேரடியாக இயக்கும் மரபணு. மற்ற புற்றுகளில் ரத்தம் எட்டாத மூலைகளில் திட்டுத்திட்டாகத்தான் தென்படும். இங்கே ரத்தக் குழாயை ஒட்டி நிற்கும் அணுவிலும் அதே சாயம்.

எங்கள் குழுவில் அதிக விவாதம் நடந்தது அடுத்த படத்தைப் பற்றித்தான். கட்டிக்குள் சிடி8 டி அணுக்கள் அடர்த்தியாக நிறைந்திருந்தன. இவைதான் புற்றணுவைக் கொல்லும் படை. குடல் புற்றில் இப்படி ஒரு படத்தைக் கண்டால் நோயாளியிடம் நல்ல செய்தி சொல்லலாம். தெளிவணு சிறுநீரகப் புற்றில் நேர்மாறு: சிடி8 அணுக்கள் மிகுந்த கட்டிகளுக்கு முன்கணிப்பு மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வந்த படை அங்கேயே களைத்துக் கிடப்பதுதான் காரணம் என்று இப்போது புரிந்துகொள்ளப்படுகிறது. இவரது திசுவிலும் அந்த அணுக்களில் பெரும்பாலானவற்றில், டி அணுவை அடக்கும் தடைப் புரதமான பிடி-1-க்கான சாயம் பிடித்திருந்தது. அவற்றுக்கு நடுநடுவே, அழற்சியை அடக்கும் வகை மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கணுக்கள்) கூட்டங்கூட்டமாக இருந்தன.

களைப்பூட்டுவதில் ஹிஃப்புக்குப் பங்கு உண்டு, பல வழிகளில். விஇஜிஎஃப் ரத்தக் குழாயை வளர்ப்பதோடு நிற்பதில்லை. டி அணுக்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் அணுக்களை முதிரவிடாமல் தடுக்கிறது. சர்க்கரையைக் கட்டி தின்றுவிட்டு லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. அந்தப் புளிப்பில் டி அணுவின் வேலை சுணங்கும். சிடி39, சிடி73 என்ற நொதிகள் அணுக்களுக்கு வெளியே கசியும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை அடினோசினாக மாற்றுகின்றன. டி அணுவுக்கு அடினோசின் ஒரு தடைக்குறி. பிடி-1 தடையை இயக்கும் பிடி-எல்1 புரதத்தின் மரபணுவை ஹிஃப் நேரடியாகவே இயக்க முடியும் என்பதும் 2014-ல் எலிகளில் காட்டப்பட்டது.

ஆனால் ‘ஹிஃப் வந்தால் நோயெதிர்ப்பு படுத்துவிடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. டி அணுக்களுக்குள்ளும் இதே ஆக்சிஜன் உணரும் பாதை இருக்கிறது, அங்கே கணக்கு வேறு. எலிகளின் சிடி8 அணுக்களிலிருந்து விஎச்எல்லை நீக்கினால் அவை இன்னும் மூர்க்கமாக வேலை செய்கின்றன. 2016-ல் வெளியான இன்னொரு எலி ஆய்வு நம் நோயாளிக்கு நேராகவே பொருந்துகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் மிகுதி. அதனால் அங்குள்ள டி அணுக்களில் பிஎச்டி நொதிகள் சுறுசுறுப்பாக இருக்கும். அது அவற்றை அடக்கி வைக்கும். மூச்சோடு உள்ளே போகும் தூசிக்கும் மகரந்தத்துக்கும் எல்லாம் சண்டை போட்டால் நுரையீரல் தாங்காது என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு. அந்தப் பொறுமையைப் பயன்படுத்திப் பரவும் புற்றணுக்களும் அங்கே வேரூன்றிவிடுகின்றன. டி அணுக்களில் பிஎச்டி நொதிகளை நீக்கிய எலிகளில் நுரையீரல் பரவல் குறைந்தது. சிறுநீரகப் புற்று முதலில் நுரையீரலுக்கே போவதற்கு ரத்த ஓட்டத்தின் பாதை முக்கியக் காரணம். கூடவே இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

துணை சிகிச்சை வேண்டுமா?

இவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் ஓராண்டு, பிடி-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2021-ல் கீநோட்-564 ஆய்வு காட்டியிருந்தது. உயிர்வாழும் காலமும் கூடுகிறதா என்பதற்கான விடை அப்போது கையில் இல்லை, அது 2024-ல்தான் வெளிவந்தது. குடும்பத்திடம் இரண்டையும் சொன்னோம், விலையையும் சொன்னோம். நோயே கண்ணுக்குத் தெரியாத நிலையில் நிலத்தை விற்று மருந்து போட அவர் விரும்பவில்லை. அன்றிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான் என்று குழுவும் ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பதிலாக ஒன்று செய்தோம். ஸ்கேன் அட்டவணையோடு, மாதம் ஒருமுறை உள்ளூரிலேயே ஹீமோகுளோபின் பார்த்து அந்த எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். எந்த வழிகாட்டு நெறியிலும் இது கிடையாது. இவருடைய கட்டி எரித்ரோபாய்ட்டின் சுரக்கும் கட்டி என்பது நிரூபணமான பிறகு, சில பத்து ரூபாய்ப் பரிசோதனை ஒன்றை விட்டுவைப்பானேன் என்று தோன்றியது.

இரண்டாவது ஏற்றம்

ஓராண்டுக்கு மேல் எண்கள் 14-க்கும் 15-க்கும் இடையிலேயே வந்துகொண்டிருந்தன. 2023 நடுவில் 15.9, அடுத்த மாதம் 17.1. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, பசி நன்றாக இருந்தது, எடை குறையவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருந்தது, முன்கூட்டியே எடுத்தோம். இரண்டு நுரையீரல்களிலும் முடிச்சுகள், பெரியது 2 சென்டிமீட்டர். எரித்ரோபாய்ட்டினும் மறுபடி ஏறியிருந்தது.

காசநோய் மிகுந்த நாட்டில் நுரையீரல் முடிச்சு என்றால் ஊசி போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும், ரத்த எண் எவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்னாலும். எடுத்துப் பார்த்தோம். அதே தெளிவணுப் புற்று.

மருந்துத் தேர்வு

பரவிய சிறுநீரகப் புற்றில் முதலில் அபாய நிலையைக் கணக்கிடுவார்கள். ஆறு குறிகள் உண்டு: நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் சிகிச்சை தேவைப்படுவது, உடல் செயல்திறன் குறைவது, சோகை, கால்சியம் ஏற்றம், நியூட்ரோஃபில் ஏற்றம், தட்டணு ஏற்றம். இவருக்கு ஒன்றுமே இல்லை, ‘சாதக’ நிலை. ஹீமோகுளோபின் தாழ்ந்தால் ஒரு புள்ளி கூடும், ஏறினால் அந்தக் கணக்கில் எதுவும் கிடையாது. கட்டியே ரத்தத்தை ஏற்றிவைத்திருக்கும் ஒருவரிடம் அந்தச் சோகைக் குறி எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்று குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மற்ற ஐந்தும் சுத்தமாக இருந்ததால் அதிலேயே நிற்கவில்லை.

வழிகள் மூன்று. முதலாவது, காத்திருந்து பார்ப்பது. மெதுவாக வளரும் நோயில் அது கௌரவமான தேர்வுதான். ஆனால் ஹீமோகுளோபின் ஒரே மாதத்தில் ஏறிய வேகம் எங்களுக்கு நம்பிக்கை தரவில்லை. இரண்டாவது, நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. அதன் பெரிய பலன் இடைநிலை, மோசமான நிலை நோயாளிகளில்தான் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மூன்றாவது, ஒரு நோயெதிர்ப்பு மருந்தோடு விஇஜிஎஃப் பாதையை அடைக்கும் மாத்திரையைச் சேர்ப்பது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை ஆக்சிட்டினிப் 5 மில்லிகிராம்.

மூன்றாவதை எடுத்தோம். திசுவில் கண்டதும் அதோடு ஒத்துப்போனது. களைத்த சிடி8 அணுக்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. பிடி-1 தடையை நீக்குவதற்கு ஆள் தயார். அவற்றைச் சூழ்ந்திருக்கும் விஇஜிஎஃப்பையும் குறைத்தால் வேலை எளிதாகலாம். இதை நியாயம் என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நோயாளியின் திசுச் சாயத்தை வைத்து மருந்து தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இந்தத் துறை இன்னும் முதிரவில்லை. தேர்வுக்கு அடிப்படை பெரிய ஆய்வுகள்தான். மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் கிடைத்ததால்தான் விலை கைக்கு எட்டியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மகன் கல்லூரியில் படிப்பவர், கைபேசியில் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டார்: “பெல்சுட்டிஃபான்னு ஒரு மாத்திரை நேரா ஹிஃப்பையே பிடிக்குதாமே சார், அதையே குடுத்தா என்ன?” கேள்வி சரியானதுதான். அமெரிக்காவில் டெக்சாஸின் டாலஸ் நகரில், ஹிஃப் வகைகளில் ஒன்றான ஹிஃப்-2 புரதத்துக்குள் ஒரு சிறு பொந்து இருப்பதைக் கண்டு, அதில் போய் உட்காரும்படி வடிவமைக்கப்பட்ட மருந்து அது. பரம்பரை விஎச்எல் நோயாளிகளுக்காக 2021 ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் பரம்பரையாக அல்லாமல் வந்து பரவிய புற்றில் அது மற்ற மருந்துகள் தோற்ற பிறகான ஆய்வுகளில்தான் இருந்தது. அந்த அனுமதி 2023 டிசம்பரில் வந்தது. அதன் முக்கியப் பக்கவிளைவு சோகை. எரித்ரோபாய்ட்டினை இயக்குவதே ஹிஃப்-2 என்பதால் அது எதிர்பார்க்க வேண்டியதும்கூட. முதல் மருந்து வேலை செய்யாமல் போனால் யோசிக்கலாம் என்று ஒத்திவைத்தோம்.

பரம்பரையா என்று மகன் தனக்காகவும் கேட்டார். தந்தைக்கு ஒரே ஒரு கட்டி, வயது ஐம்பதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்கும் சிறுநீரகம், கண், மூளை, அட்ரினல் கட்டி இருந்ததில்லை. பரம்பரைப் பரிசோதனை தேவைப்படும் படம் இது இல்லை என்று விளக்கி அனுப்பினோம்.

மூன்றாவது ஏற்றம்

சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் கடந்ததும் ஹீமோகுளோபின் 18.2. ரத்த அழுத்தம் 160/100. இந்த எண்ணை நாங்களே கவனிக்கச் சொல்லியிருந்ததால் குடும்பம் அதைப் பார்த்ததும் இடிந்துபோய் வந்தது. “மருந்து கேக்கலைங்களா?” என்பதுதான் மனைவியின் முதல் கேள்வி.

குழுவில் கருத்து பிளந்தது. நோய் வளர்கிறது, மருந்தை மாற்றலாம் என்றது ஒரு பக்கம். முன்பு ஏறியபோதெல்லாம் கட்டிதானே காரணம் என்ற வாதத்துக்கு எடை இருந்தது. நான் மறுபக்கத்தில் இருந்தேன். ஆக்சிட்டினிப் மருந்தேகூட ஹீமோகுளோபினை ஏற்றும். மருந்தின் தகவல் குறிப்பிலேயே அது எச்சரிக்கையாக இருக்கிறது. விஇஜிஎஃப்பை அடைத்தால் கல்லீரலில் எரித்ரோபாய்ட்டின் சுரப்பு கூடுவதை எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறியிருந்தது மருந்தின் பக்கமே கை காட்டியது. மூன்றாவதாக ஒரு சாத்தியமும் இருந்தது: பெம்ப்ரோலிசுமாபால் நுரையீரலில் அழற்சி வந்து ஆக்சிஜன் நிஜமாகவே குறைவது. அதைத் தவறவிட்டால் ஆபத்து.

எரித்ரோபாய்ட்டினை மறுபடி பார்த்தோம். கூடியிருந்தது. ஆனால் கட்டியிலிருந்து வந்தாலும் கல்லீரலிலிருந்து வந்தாலும் அது ஒரே ஹார்மோன், எங்கே பிறந்தது என்று அதில் எழுதியிருக்காது. ஆக, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் ஆறு நிமிடம் நடந்த பிறகும் ஆக்சிஜன் 98 சதவீதம். சிடி ஸ்கேனை முன்னுக்கு இழுத்தோம். நுரையீரலில் அழற்சி இல்லை. முடிச்சுகளின் மொத்த அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

ரத்தம் எடுத்துவிடலாமா என்றும் பேசினோம். ஹெமடோகிரிட் 54 சதவீதம், தலைவலி லேசாக. எடுத்தால் எண் இறங்கும், ஆனால் ஏன் இறங்கியது என்பது தெரியாமல் போகும். திரும்பத் திரும்ப எடுத்து இரும்பு தீர்ந்துவிட்டால் அதன்பின் அந்த எண்ணே எதையும் சொல்லாது. முதல் வருடம் நடந்தது ஏறக்குறைய அதுதான். எனவே ஆக்சிட்டினிப்பை மட்டும் ஒரு வாரம் நிறுத்தினோம். இது உடம்பிலிருந்து சில மணி நேரங்களில் குறைந்துவிடும் மருந்து என்பதால் ரத்த அழுத்தம் சில நாட்களிலேயே இறங்கியது. வேளைக்கு 3 மில்லிகிராமாகக் குறைத்து, ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபினும் சேர்த்து மறுபடி தொடங்கினோம். சிவப்பணுவின் ஆயுள் நான்கு மாதம் என்பதால் ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் இறங்கும். சில வாரங்களில் 16.4-க்கு வந்து அங்கேயே நின்றது. பெம்ப்ரோலிசுமாப் ஒரு முறைகூடத் தவறவில்லை.

பின் நடந்தவை

அரையாண்டு ஆனபோது களைப்பு, மலச்சிக்கல், முகம் உப்பல். தைராய்டு செயலிழந்திருந்தது. இந்த இரண்டு மருந்துகளில் எதுவும் அதைச் செய்யும், சேர்ந்தால் இன்னும் சகஜம். தைராக்சின் மாத்திரையோடு சரியாயிற்று. ஒருமுறை கல்லீரல் நொதிகள் ஏறின, ஆக்சிட்டினிப்பைச் சில நாள் நிறுத்தியதிலேயே இறங்கிவிட்டன. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை.

2025-ல் பெம்ப்ரோலிசுமாபின் இரண்டு வருடச் சுற்று முடிந்தது. கடைசி ஸ்கேனில் ஒரே ஒரு முடிச்சு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, பல மாதங்களாக அசையவில்லை. மற்றவை கண்ணில் படவில்லை. ஹீமோகுளோபின் 15-ஐ ஒட்டி. ஆக்சிட்டினிப் தொடர்கிறது. விசைத்தறிக் கூடத்துக்குப் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் போகிறார். குணமாகிவிட்டது என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்பதில்லை.

நடைமுறையில் மாற்றியவை

காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் ஏறி வருபவர்களுக்கு ஜேஏகே2-வோடு எரித்ரோபாய்ட்டினையும் முதல் நாளே சேர்த்து அனுப்புகிறோம், முதல் முறை ரத்தம் எடுத்துவிடுவதற்கு முன்பே. எரித்ரோபாய்ட்டின் தாழ்வாக இல்லையென்றால் அதே வாரத்தில் வயிற்று அல்ட்ராசவுண்ட். புகைப்பவர் என்பது இந்த இரண்டையும் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் ஊர் மருத்துவர்களோடு நடந்த கூட்டத்தில் இந்த நிகழ்வைப் பெயரில்லாமல் எடுத்து வைத்தோம். விவாதம் நன்றாகவே நடந்தது.

எரித்ரோபாய்ட்டின் சுரக்கும் கட்டி என்று நிரூபணமானவர்களுக்கு மட்டும் மாதாந்திர ஹீமோகுளோபின். எல்லா சிறுநீரகப் புற்றாளிகளுக்கும் இதை விரிவுபடுத்தச் சிலர் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெரும்பாலானவர்களிடம் அந்த எண் எதையும் சொல்லாது, வீணான பயத்தைத்தான் கிளப்பும். யாருக்கு இந்த மாதாந்திரப் பரிசோதனையைச் சொல்கிறோமோ அவர்களுக்கும் இப்போது ஒரு வரி சேர்த்துச் சொல்கிறோம்: விஇஜிஎஃப் மாத்திரை தொடங்கிய பிறகு எண் ஏறினால் அதற்கு நோய் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இதை முன்பே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சில இரவுகளின் தூக்கம் கெட்டிருக்காது.

இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் சுலபமாகத் தவறிப்போகும். இவருக்கு ஒற்றைச் சிறுநீரகம், கிரியேட்டினின் கூடுதல். வயதாக ஆக சோகை வரலாம், வேறொரு மருத்துவர் சிறுநீரகச் சோகைக்கு மாத்திரை எழுதலாம். அந்த மாத்திரைகளில் ஒரு வகை, இந்தியாவில் 2022-ல் அனுமதி பெற்ற டெசிடுஸ்டாட்டும் அதில் சேரும், பிஎச்டி நொதிகளை அடைத்து ஹிஃப்பை உயர்த்துவதன் மூலம் எரித்ரோபாய்ட்டினை ஏற்றுபவை. மற்றவர்களுக்குப் பயனுள்ள மருந்துதான். ஹிஃப்பில் ஓடும் கட்டி உள்ளவருக்கு வேண்டாம். அவருடைய சிகிச்சைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், ஒவ்வாமைகள் எழுதும் கட்டத்துக்குக் கீழே, அந்த மருந்து வகையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.